மாமா பாண் விற்ற மாதம்

சுவிஸில் இருந்து மாமா வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவர் அம்மாவின் ஒரே அண்ணன். பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு, மாமியையும் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டு, ஐந்து கிழமை விடுமுறையில் தனியாக வந்தார். ஓய்வெடுக்க வருகிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆகவே செட்டிபாளையத்தில் எங்கள் வீடு இரண்டு மாதம் முன்பிருந்தே அந்த ஓய்வுக்காகப் பாடுபடத் தொடங்கியது. முன்னறைக்கு நீல நிறம் அடித்து ஏ.சி. பூட்டினார்கள். என் புத்தக மேசை வெளியே வந்தது, பெரிய மெத்தையொன்று உள்ளே போனது. வாவியில் பிடிபடும் நல்ல நண்டும் இறாலும் முதலில் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று அம்மா ஓர் ஆளிடம் சொல்லி வைத்தார். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். மாமா படுத்திருக்கும் நேரத்தில் யாரும் முற்றத்தில் சத்தம் போடக்கூடாது என்று அவர் ஒரு சட்டம் போட்டார். அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டிய ஒரே பிரசை நான்.

ஓய்வைத் தவிர இன்னொரு காரியமும் இருந்தது. அம்மாவின் தங்கையான சின்னம்மா எங்களோடுதான் இருந்தார். அவருக்கு முன்பு பேசிய இரண்டு இடங்களும் சரிவரவில்லை. இப்போது தேற்றாத்தீவில் ஓர் இடம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தபாற்கந்தோரில் வேலை. சின்னம்மா அவரைக் கோயில் திருவிழாவில் ஒருமுறை கண்டிருந்தார். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து உடுப்புத் தோய்க்கும்போது பாடத் தொடங்கினார். மாமா வந்து மூன்றாம் கிழமை, ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் வருவதென்று முடிவானது.

“அது மதிப்புப் பார்க்கிற குடும்பம்” என்று அப்பா சாப்பிடும்போதும் சொல்வார், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போதும் சொல்வார்.

மாமா வந்து இரண்டு நாட்கள் நீல அறையில் படுத்திருந்தார். மூன்றாம் நாள் வெளியே வந்து விளக்குமாற்றை எடுத்தார். அம்மா ஓடிவந்து பறித்தார். தேங்காய் துருவக் குந்தினார், சின்னம்மா பறித்தார். கிணற்றடியில் வாளியைத் தொட்டதற்கு அப்பாவே எழுந்து வந்து, “விடுங்க மச்சான், நீங்க போய் இருங்க” என்றார். மாமா போய் இருந்தார். காற்சட்டைப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, வைத்தியசாலையில் இலக்கம் கூப்பிடும்வரை காத்திருக்கும் ஆளைப்போல இருந்தார். எனக்கோ அவர்மேல் பொறாமையாக இருந்தது. குளிர் அறை, தினமும் நண்டு, வேலையே இல்லை. ஒரு மனிதருக்கு இதற்கு மேல் என்ன சந்தோசம் வேண்டும்!

நாலாம் நாள் காலையில் எங்கள் ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ வந்தது. பின்பக்கம் பேக்கரிப் பாணும் இனிப்புப் பணிஸும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி பூட்டிய மூன்று சில்லு வண்டி. எல்லா ஊரிலும் அது போடுகிற அதே பாட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. மாமா கேற்றுக்குப் போனார். ஓட்டோக்காரர் அவரைக் கண்டதும் பாட்டை நிறுத்திவிட்டு இறங்கினார். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களாம். அவர்கள் கதைத்து முடிப்பதற்குள் அக்கம்பக்கத்து ஆட்கள் தாங்களே பெட்டியைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாளிலிருந்து மாமாவுக்குத் திடீரென்று நடைப்பயிற்சி தேவைப்பட்டது. டொக்டர் நடக்கச் சொன்னவராம். விடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, “வாவிக்கரைப் பக்கம் நடந்திட்டு வாறன்” என்று புறப்படுவார். ஒன்பது மணிக்கு வியர்த்து வழிய வந்து மூன்று முறை சோறு போட்டுத் தின்பார். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உடம்பை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று அப்பாவுக்குக் கூடச் சொல்லிக் காட்டினார் அம்மா.

சனிக்கிழமைகளில் எனக்கு மாங்காட்டில் ரியூசன். அந்தச் சனிக்கிழமை இடைவேளை நேரத்தில் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. பிள்ளைகளெல்லாம் ஓடினோம். பெட்டிக்குப் பக்கத்தில், தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்று பணிஸ் எடுத்துக் கொடுத்தார். நான் கையை நீட்டினேன். நீட்டிய கையில் முதலை வடிவப் பணிஸ் ஒன்று வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், எங்கள் மாமா.

அவர் உதட்டில் விரலை வைத்தார். பிறகு குனிந்து, “மருமகள், வீட்ட ஒண்டும் சொல்லாத. நாளைக்கும் ஒண்டு தாறன்” என்றார்.

ஒன்பது வயதில் என் நேர்மைக்கு ஒரு பணிஸ் போதுமாக இருந்தது.

அடுத்த கிழமை பள்ளிக்கூட விடுமுறை. சிநேகிதி வீட்டுக்கு என்று பொய் சொல்லிவிட்டு நானும் ஒரு நாள், மாமா வழக்கமாக ஏறுகிற ஊரெல்லையில் வைத்து, அந்த ஓட்டோவில் ஏறினேன். ஓட்டோக்காரரின் பக்கத்தில் நான் நெருங்கி உட்கார, மாமா பின்னால் தொங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் பத்து வார்த்தை பேசாத மனிதர் அங்கே வாயை மூடவில்லை. ஒரு கிழமைக்குள் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தையல் மெசினை விட்டு எழும்ப முடியாத அக்காவுக்குப் பையைக் கேற்றில் கொழுவிவிட வேண்டும். ஒரு வீட்டுச் சின்னப் பையனுக்குக் கருகிய ஓரம் உள்ள பாண்தான் வேண்டும், அதைத் தேடி எடுத்து வைத்திருப்பார். எல்லாப் பாணையும் அமத்திப் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் வாங்குகிற பெரியவர் ஒருவர் இருந்தார். “அமத்தாதீங்க அண்ணே, அதுக்கும் நோகும்” என்பார் மாமா. பெரியவர் சிரித்துக்கொண்டு இன்னொரு முறை அமத்துவார். அவர் வாசலில் வந்து நிற்பதே அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஓட்டோ மாங்காட்டைத் தாண்டித் தேற்றாத்தீவுக்குள் நுழைந்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. சின்னம்மாவின் மாப்பிள்ளை வீடு அங்கேதானே. அவர்கள் யாராவது மாமாவைக் கண்டுவிட்டால்?

“மாமா, நீங்க இஞ்ச வராதீங்க. சின்னம்மாட கலியாணம் குழம்பிப் போகும்” என்றேன். அழுகையே வந்துவிட்டது.

மாமா கொஞ்சம் யோசித்தார். பிறகு துவாயை மூக்கு வரைக்கும் இழுத்துக் கட்டினார். “இப்ப ஆருக்கும் தெரியாது, பயப்படாத புள்ள” என்றார். இப்போது நினைத்தால் அந்தக் கோலத்தில் அவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அன்று எனக்கு அது பெரிய தந்திரமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா அன்று நடக்கப் போகவில்லை. வெள்ளைச் சேர்ட் போட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். மாப்பிள்ளையின் தாய், தகப்பன், ஒரு பெரியப்பா ஆகியோர் வந்தார்கள். தகப்பன் அதிகம் சிரிக்காத, நிமிர்ந்து உட்காருகிற மனிதர். அம்மா, “இவர்தான் எங்கட அண்ணன், சுவிஸ்ல இருந்து வந்திருக்கார்” என்று அறிமுகப்படுத்தினார். சின்னம்மா தேநீர்த் தட்டோடு வந்தார்.

மாப்பிள்ளையின் தாய் சின்னம்மாவைப் பார்க்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஒருபக்கம் சரித்துப் பார்த்தார். பிறகு மற்றப் பக்கம் சரித்துப் பார்த்தார்.

“தம்பி, நீங்க பாண் ஓட்டோவில வாற ஆளெல்லோ?”

அம்மா அவசரமாகச் சிரித்தார். “இல்ல மாமி, இவர் சுவிஸ்ல…” என்று தொடங்கினார். அப்பாவின் கோப்பை பாதி வழியில் நின்றது. நான் கதவுக்குப் பின்னால் நின்று, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். மாமா சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தார். சின்னம்மாவின் முகம் வெளிறியிருந்தது. மாமா ஒரு பொய் சொன்னால் போதும். ஒரே ஆள் மாதிரி ஏழு பேர் இருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவருக்கு வாய் வரவில்லை.

“ஓம் மாமி, நான்தான்” என்றார். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாததைப்போல, “ரெண்டு மாலு பாண், உறைப்புக் கூடினது. கிணத்தடிப் பக்கமா வந்து தரச் சொல்லுவீங்க” என்றார்.

தகப்பனார் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். “மாலு பாணோ? ஆர் தின்னுறது?”

மாலு பாண் என்றால் உள்ளே உறைப்பான மீன் கறி வைத்த பணிஸ். மாப்பிள்ளையின் தாய்க்குப் பிறசர். எண்ணெய், உப்பு, உறைப்பு மூன்றையும் டொக்டர் நிறுத்தியிருக்கிறார். வீட்டில் அவித்த மரக்கறிதான் சாப்பாடு என்று தகப்பனார் ஐந்து நிமிடம் முன்புதான் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெடித்தது. பெரியப்பாவும் சிரித்தார். சிரித்தபடியே, “நானும் எடுக்கிறநான், சந்தியில வச்சு” என்று தன் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். தகப்பனார் மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் அவர் மாமாவிடம் கேட்டது ஒன்றுதான்.

“என்ன தம்பி, அது அவ்வளவு ருசியோ?”

கலியாணம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய், சின்னம்மாவைப் பக்கத்தில் இருத்திக் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்ட அண்ணன் போனாப் பிறகு ஆர்கா எனக்குக் களவாத் தாற?” என்று கேட்டார். சின்னம்மா அப்போதுதான் மூச்சு விட்டார்.

ஆனால் எங்கள் வீட்டில் எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அவர்கள் போன பிறகு அம்மா குசினிக்குள் போய் அழுதார். அழுதுகொண்டே, “ஊரில ஆரார் கண்டிருப்பாங்களோ” என்றார். நானும் உடந்தை என்று தெரிந்ததும் எனக்குத் தனியாக ஏச்சு விழுந்தது. அப்பா இரண்டு நாட்கள் மாமாவோடு பேசவில்லை. மாமாவும் வெளியே போகவில்லை. காலையில் பாண் ஓட்டோவின் பாட்டு ஒழுங்கைக்குள் வரும்போது கதிரையில் இருந்து எழும்புவார். எழும்பி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

மூன்றாம் நாள் அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விடியும்போதே தேநீர் போட்டு ஒரு பெரிய பிளாஸ்க்கில் ஊற்றினார். மாமாவின் கதவைத் தட்டி, “ரெண்டு பேருக்கும் இருக்கு. மறுகா சூடு ஆறிப்போகும், கெதியாப் போங்க” என்றார். அன்று மாமா துவாய் கட்டாமலே போனார்.

அதற்கும் அடுத்த நாள் ஓட்டோ எங்கள் கேற்றடியில் நின்றபோது, பின்னால் நின்றது மாமாதான். அப்பா சந்திக்குப் போக உடுத்திக்கொண்டு வெளியே வந்தார். யாரோ தெரியாத வியாபாரியிடம் கேட்பதைப்போல, முகத்தில் ஒன்றையும் காட்டாமல், “ஒரு றாத்தல் பாண்” என்றார். மாமாவும் தெரியாத வாடிக்கையாளருக்குக் கொடுப்பதைப்போலப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அப்பா அதை வாங்கி ஒருமுறை அமத்திப் பார்த்தார். “நேற்றையது இல்லையே?” என்றார். மாமா சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். நான் பிறந்ததிலிருந்து அப்பா வாய்விட்டுச் சிரித்ததை எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அதில் அது ஒன்று.

மாமா போவதற்கு முதல்நாள் பின்னேரம், அம்மா அவருடைய பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். மிளகாய்த்தூள், கருவாடு, சின்னம்மா செய்த பலகாரம் எல்லாம் உள்ளே போயின. நான் கட்டிலில் குந்தி, அன்றைய பணிஸைத் தின்றுகொண்டிருந்தேன். அம்மா நிமிராமலே கேட்டார்.

“என்னத்துக்கு அண்ணன் அப்படிச் செஞ்ச நீங்க? கதிரையில இருந்திருக்கலாந்தானே. நாங்க என்ன குறை வச்ச?”

“ஒரு குறையும் இல்ல தங்கச்சி” என்றார் மாமா. பிறகு, “அங்கயும் எனக்குப் பாண் வேலைதான். பெரிய கட்டடம். மெசினால வரும். நான் எடுத்துப் பெட்டியில அடுக்குவன், லொறி ஏத்திட்டுப் போகும். பதினெட்டு வருசம். ஒரு ஆள் அதை வாயில வைக்கிறத நான் ஒருநாளும் கண்டதில்ல” என்றார்.

அம்மாவின் கை கருவாட்டுப் பொதியின் மேல் அப்படியே நின்றது. மாமா என் பக்கம் திரும்பி நான் தின்பதைப் பார்த்தார். முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவேளை பாதி கேட்கிறாரோ என்று நினைத்து மிச்சத்தை அவசரமாக வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

சுவிஸில் ஆட்கள் பாணை ஒளித்திருந்துதான் தின்பார்கள் என்று அன்றைக்கு நான் விளங்கிக்கொண்டேன். குளிர் நாட்டில் அப்படியொரு வழக்கம் இருக்கலாம் என்று எனக்கு ஒரு காரணமும் தோன்றியது. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் அதை வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை.