அவர் சொன்ன மணங்கள்

எங்கள் கார்மெண்ட்ஸ் பஸ் பரந்தன் சந்தியால் திரும்பும்போது நான் அநேகமாக அரை நித்திரையில் இருப்பேன். நாள் முழுக்கத் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்துவிட்டு வந்தால் கண்ணை மூடினாலும் துணி ஓடிக்கொண்டே இருக்கும். கண்டாவளைப் பக்கம் நெருங்கியதும் வயல் காற்று யன்னலால் ஏறும். மாரி காலமென்றால் வயல் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வானம். அந்தச் சிவந்த வானத்துக்கு நடுவால் பஸ் மிதந்து போவதுபோல இருக்கும். வீட்டு வாசலில் இறங்குவதற்கு முதலே, மனத்துக்குள் நான் இரவுச் சாப்பாட்டைச் சமைத்து முடித்திருப்பேன்.

வேலை நாட்களில் எங்கள் வீட்டில் இரவுக்குப் பெரும்பாலும் ஒரே சாப்பாடுதான். ஒரு கோப்பை சோறு, அதற்குமேல் கோழி. மகள் வவுனியாவில் தங்கிப் படிக்கப் போன பிறகு வீட்டில் நானும் கணவரும் மட்டும். இரண்டு பேருக்கு மூன்று கறி, ஒரு வறை, ஒரு சொதி என்று சமைக்க எனக்கு உடம்பில் தெம்பு இருப்பதில்லை. அதைக் கேட்ட மகள்தான் ஒருநாள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். எந்த நாட்டுக் குசினியோ தெரியாது. ஒரு பெண் குழிந்த கோப்பையில் சோறு போட்டு, அதற்குமேல் பொரித்த கோழியையும் வெள்ளரிக்காயையும் அடுக்கி, ஏதோ ஒரு குழம்பைச் சுற்றி ஊற்றினாள். "அம்மா, இப்பிடிச் செய்யுங்கோ. கழுவவும் ஒரு கோப்பைதான்" என்றாள் மகள்.

அந்தப் பெண் ஊற்றிய குழம்பு எங்கள் ஊரில் கிடையாது. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். காலையில் வேலைக்குப் போக முதல், எலும்பில்லாத கோழி இறைச்சியைச் சின்னதாக வெட்டி, தயிர், வறுத்த கறித்தூள், இஞ்சி, உள்ளிப்பூண்டு, தேசிக்காய்ப் புளி எல்லாம் போட்டுப் பிரட்டி பிரிட்ஜில் வைத்துவிடுவேன். பின்னேரம் வந்து சம்பா அரிசியை வாசனைக்கு ரம்பை இலையும் ஒரு துண்டு கறுவாப்பட்டையும் போட்டு அவியவிட்டு, மற்ற அடுப்பில் கோழியைப் பொரிப்பேன். ஓரம் சிவந்து வந்ததும் தேங்காய் முதற்பால் கொஞ்சம் விட்டு ஒரு கொதியோடு இறக்குவேன். சோற்றுக்குமேல் அது, பக்கத்தில் வெள்ளரிக்காயும் வெண்காயமும் பச்சைமிளகாயும் புளி விட்டுப் பிசைந்த சம்பல், எல்லாவற்றுக்கும்மேல் பொரித்த கறிவேப்பிலை. முகம் கழுவி உடுப்பு மாற்றிச் சோறு அவிந்து முடிய, எல்லாம் சரியாக இருக்கும்.

என் கணவர் வயல் செய்கிறவர். அதிகம் கதைக்காத மனிதர். முதல் நாள் அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை விட்டுக் குழைத்துச் சாப்பிட்டார். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கு" என்றார்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் சமையலைப் பற்றி அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான். பிட்டுக்கும் அதுதான், பொங்கலுக்கும் அதுதான். நானும் அதற்குமேல் எதிர்பார்த்ததில்லை.

போன மாரியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பலருக்கும் வந்த காய்ச்சல்தான். உடம்பு நோவும் இருமலும் ஒரு கிழமையில் விட்டுப்போயின. ஆனால் எழும்பிக் குசினிக்குள் போன அன்று, உள்ளியைத் தட்டி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன், ஒன்றும் இல்லை. கறித்தூள் போத்தலைத் திறந்தேன், ஒன்றும் இல்லை. தேசிக்காயை நகத்தால் கீறிப் பார்த்தேன். கை ஈரமானது, அவ்வளவுதான். நாக்கும் மூக்கோடு சேர்ந்து போயிருந்தது. சோறு வாய்க்குள் சூடாக இருந்தது, மெத்தென்று இருந்தது, வேறொன்றுமாகவும் இருக்கவில்லை.

அந்த நாட்களை இப்போது நினைத்தால், கனவில் யாரோ சமைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோலவே தோன்றுகிறது. எண்ணெய் பொரியும் சத்தம் கேட்கும். ஆவி எழும்பி யன்னல் கண்ணாடியில் படியும். கோழித் துண்டுகள் நிறம் மாறும். ஆனால் அந்தக் குசினிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடி நின்றது. என் கை தன்பாட்டில் உப்பை அள்ளிப் போடும். போட்டேனா, போடவில்லையா என்று ஒரு கணம் கழித்து எனக்கே ஐமிச்சமாக இருக்கும். கோப்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்ப்பேன்.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

அதை நம்பி நான் நிம்மதியாக இருந்தேன்.

வேலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் இருப்பவள் என்னைவிட வயதில் குறைந்தவள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் காணி எடுத்துக் குடியேறியவர்கள். பிறந்து வளர்ந்தது இங்கே என்றாலும் வீட்டுப் பேச்சு அவள் நாக்கில் அப்படியே இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் எப்போதும் பங்கிட்டுத்தான் சாப்பிடுவோம். முதல்நாள் இரவு மிஞ்சிய கோழியும் சோறும் கொண்டுபோயிருந்தேன். அவள் ஒரு வாய் வைத்தாள். மெல்லாமல் என்னைப் பார்த்தாள். பிறகு கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"என்னக்கா, கோழிய கடல்ல கழுவுனீங்களா?"

"ஏன், உப்புக் கூடிப்போச்சோ?"

"உப்பா? நாக்கு வெந்து போச்சுக்கா. இத அண்ணன் சாப்பிட்டாரா?"

சாப்பிட்டார். கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். அன்று மட்டுமல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னேரம் பஸ்ஸில் எனக்கு நித்திரை வரவில்லை. சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. யன்னலுக்கு வெளியே தண்ணீரும் வானமும் ஓடிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, கறியில உப்புக் கூடவெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். காலில் சேறு எல்லாம் போன பிறகும் ஊற்றினார்.

"காய்ச்சலால எழும்பி வந்து நிண்டு சமைக்கிறீர். நான் என்னத்தைச் சொல்லுறது?"

"எனக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லையப்பா. நீங்களும் சொல்லாட்டி நான் எப்பிடிச் சமைக்கிறது? இனிச் சொல்லுங்கோ. அடுப்பில இருக்கேக்கயே சொல்லுங்கோ. என்ர மூக்குக்குப் பதிலா நீங்கள்தான்."

நான் அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, அவர் விறாந்தையில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தார். அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, கோயிலில் இருப்பதுபோல நிமிர்ந்து இருந்தார். தாச்சியில் எண்ணெய் விட்டு உள்ளியைப் போட்டேன்.

"இப்ப என்ன மணக்குது?"

"கறி மணம்."

"இன்னும் கோழியே போடேல்லை. என்ன கறி?"

யோசித்தார். "அப்ப, உள்ளி மணம்."

"பச்சை மணமோ, பொரிஞ்ச மணமோ?"

அவர் எழும்பி வந்து தாச்சிக்குமேல் குனிந்தார். தும்மினார். இரண்டு பேரும் சிரித்தோம். காய்ச்சலுக்குப் பிறகு அந்தக் குசினியில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அடுத்தடுத்த நாட்களிலும் கதிரையோடு வந்தார். முதலில் "பச்சை", "காணும்", "இறக்கும்", "உப்பு இன்னும் கொஞ்சம்" என்று ஒற்றைச் சொற்கள்தான். எனக்கு அதுவே போதும், கறி பழையபடி சரிக்கு வந்துவிட்டது. ஆனால் நான் விடவில்லை. ருசிக்காகக் கேட்டது கொஞ்சம், ஆசைக்காகக் கேட்டதுதான் கூடுதல். "எப்பிடி மணக்குது, சொல்லுங்கோ" என்று நச்சரிப்பேன். ஒருநாள் கறித்தூளில் பிரட்டிய கோழி எண்ணெயில் விழுந்து சிவக்கத் தொடங்கியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"நெல்லுச் சூடடிச்ச பிறகு வைக்கல் வெயில்ல கிடக்குமெல்லே. மத்தியானம் அதுக்குக் கிட்டப் போனா ஒரு மணம் வரும். சூடா, கொஞ்சம் தும்மல் வாற மாதிரி. இது அதுதான்."

நான் அகப்பையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். இவ்வளவு நீளமாக அவர் கதைத்து நான் கேட்டதே குறைவு. அவர் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கும், அவர் சொன்னதும், மூக்குக்குள் ஏதோ லேசாக அசைந்ததுபோல இருந்தது. மணம் இல்லை. ஆனால் மணம் இருக்கிற இடத்தில் அந்த வெயில் விழுந்தது.

அதன்பிறகு பின்னேரங்கள் வேறு மாதிரி ஆகின. ரம்பை போட்ட சோறு கொதிக்கும்போது, "விடிய வெள்ளன வரம்பில நடக்கேக்க காலில மிதிபடுற புல்லு" என்பார். கறுவாவுக்கு, "கலியாண வீட்டில தண்ணி தெளிச்ச முற்றம்" என்பார். சில சமயம் சொல் கிடைக்காமல் கையை வட்டமாக அசைப்பார். நான் காத்திருப்பேன். வெளியே மழை பெய்யும். கரண்ட் போய்விட்டால் மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி மேசையில் வைத்துவிட்டு, அடுப்பு நெருப்பின் நீல வெளிச்சத்தில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே சமைப்பேன். தாச்சியில் இருப்பது கோழியா, அவர் சொன்ன வயலா, முற்றமா என்று குழம்பிப்போகும். அந்தக் குழப்பம் எனக்குச் சுகமாக இருந்தது.

ஒருநாள் கோழிக்கு முதற்பால் விட்டேன். வெள்ளையாகப் பரவி ஒரு கொதி வந்தது. அவர் தாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, மணக்கேல்லையோ?"

"மணக்குது."

"சொல்லுங்கோவன்."

கதிரையை அடுப்புக்குக் கிட்ட இழுத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "பிள்ளை கைக்குழந்தையா இருக்கேக்க, நாங்கள் தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்தமெல்லே. மழை பெய்தா நீர் பிள்ளையை என்ர நெஞ்சில படுக்க வைப்பீர், நிலம் ஈரமெண்டு. அப்ப அவளின்ர தலையில ஒரு மணம் வரும். பால் மணமும் இல்லை, எண்ணெய் மணமும் இல்லை. நான் விடியுமட்டும் நித்திரை கொள்ளமாட்டன். அதை மணந்துகொண்டு கிடப்பன். அதுதான் இது."

இடம்பெயர்ந்து இருந்த அந்தக் காலத்தைப் பற்றி அவர் என்னோடு கதைத்ததே இல்லை. நான்தான் அந்தப் பிள்ளையை அவருடைய நெஞ்சில் படுக்க வைத்தேன். அவர் நித்திரை கொள்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேன். அவருடைய தோளில் கையை வைத்தேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டு முடிந்ததும் மகளுக்குப் போன் எடுத்து, "சாப்பிட்டியே?" என்று மட்டும் கேட்டார்.

மணம் எனக்குத் திரும்பி வந்தது, ஆனால் குசினியில் வரவில்லை. பஸ் பரந்தன் சந்தியில் நின்றபோது பக்கத்தில் ஒரு லொறி ஸ்டார்ட் எடுத்தது. டீசல் புகை யன்னலால் வந்து முகத்தில் அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் யன்னலை இன்னும் திறந்து ஆசையாக இழுத்தேன். மணந்தது. அன்றைக்கு அது எனக்குப் பூவைவிட நல்ல மணம்.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சொல்லவேண்டும் என்றுதான் இறங்கினேன். அவர் ஏற்கெனவே கதிரையைக் குசினியில் போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் கதிரை விறாந்தைக்குப் போய்விடும். சில நாட்கள் அப்படியே போயின. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளி வந்தது, இஞ்சி வந்தது. அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, உள்ளே இரகசியமாக நானும் மணந்துகொண்டு நின்றேன்.

ஒருநாள் பின்னேரம் இரண்டு பேரும் விறாந்தையில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஐயோ, சோறு அடிப்பிடிக்குது!" என்று நான் குசினிக்குள் ஓடினேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் அவர் வாசலில் நின்றார்.

"எனக்கே மணக்கேல்லை. உமக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சிரித்தேன்.

"எப்ப தொடக்கம்?"

"கொஞ்ச நாளா."

"பிறகேன் என்னைச் சும்மா கதைக்க விட்டனீர்?"

"கேக்க விருப்பமா இருந்தது."

அவருடைய முகம் சிவந்தது. கோபமாக்கும் என்று நினைத்தேன். அவர் கதிரையில் போய் இருந்து, "சரி, கோழியைப் போடும்" என்றார்.

எனக்கு இன்னும் எல்லா மணமும் சரியாகத் திரும்பவில்லை. கொத்தமல்லி சில நாட்களில் சவர்க்காரம்போல மணக்கிறது. ரம்பை வரவே இல்லை. அவரும் பழையபடி அமைதியாகத்தான் இருக்கிறார். கதிரை சில நாள் குசினியில் கிடக்கும், சில நாள் விறாந்தையில் கிடக்கும்.

போன கிழமை வேலையால் வந்து இறங்கியபோது அவர் வாசலிலேயே நின்றார். "பையை வைச்சிட்டு வாரும். நெல்லுப் பூத்திருக்கு" என்றார். கோழி பிரிட்ஜில் இருந்தது, சோறு வைக்கவில்லை. இருந்தாலும் போனேன். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. வரம்பில் அவர் முன்னால், நான் பின்னால். ஓரிடத்தில் நின்று கதிர்களைக் கையால் மெல்ல வளைத்துப் பிடித்தார். "இதுக்குப் பெரிசா மணமில்லை. ஆரும் கவனிக்கமாட்டினம். கொஞ்சம் இனிப்பா, புதுத் துணி மாதிரி இருக்கும். மணந்து பாரும்" என்றார்.

நான் குனிந்தேன். ஏதோ ஒன்று வந்தது. மிக மெல்லியது. அது நெற்பூவின் மணமா, அவர் சொன்ன சொல்லின் மணமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொருமுறை குனிந்து பார்த்தேன். வயல் மேலாகக் காற்று ஒன்று வந்து எங்களைக் கடந்து போனது. கொக்குகள் வாய்க்கால் பக்கத்தால் எழும்பிப் பறந்தன. இருட்டும்வரை அங்கேயே நின்றுவிட்டு, பசியோடு வீட்டுக்கு நடந்தோம்.