மூக்கரின் மசாலா

தணலில் கிடக்கும் கறி வெந்ததா என்று அவர் தொட்டும் பார்க்கமாட்டார், தின்றும் பார்க்கமாட்டார். புகையை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கம்பியைத் திருப்புவார். அதனால்தான் எல்லாருக்கும் அவர் மூக்கர்.

அந்த மூக்கே இப்போது அவருக்கு எமன். கடை மருமகனுடையது. விற்காமல் மிஞ்சும் கறியை அவன் எறிவதில்லை. பிசுபிசுவென்று நூல் விடும் அந்தக் கண்றாவியை வினிகரில் அலசி, பூண்டும் மிளகாயும் இரட்டிப்பாக அரைத்துத் தடவி ஊறவைப்பது மூக்கர் தலையில் விழுந்த வேலை. புதுக்கறிக்கு உப்பும் மிளகும் எலுமிச்சையும் போதும். இவர் மசாலா ஊரைத் தூக்கினால் உள்ளே எதையோ மூடுகிறார் என்று அர்த்தம். சனங்களோ அந்த மணத்துக்குத்தான் எச்சில் ஊற வந்து குவிந்தார்கள். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா.

வாயைத் திறந்தால் மகள் வாழ்க்கையில் மண் விழும். மென்று முழுங்கினார். வீட்டில் சோறு இறங்கவில்லை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நக இடுக்கில் அதே வாடை.

அன்று கறி ஊறிய அண்டாவைத் திறந்தவர், மூடியை உடனே திரும்பப் போட்டார்.

“மாப்ள, இது ஆகாது. கொண்டுபோய்ப் பொதைச்சிரலாம்.”

“உங்க கைப்பக்குவத்துக்குச் செருப்பைக் குடுத்தாலும் திம்பாங்க மாமா. கம்பியில கோருங்க.”

பாராட்டாம். கோத்தார், சுட்டார். முதல் தட்டுகள் மேசைகளுக்குப் போயின. அந்நேரம் பார்த்து, நிறைமாத வயிற்றோடு மகள் வந்து நின்றாள்.

“வாசனை தெருக்கோடி வரைக்கும் வருதுப்பா. ஒரு துண்டு குடுங்க.”

மூக்கர் சட்டென்று ஒரு தட்டை மருமகன் முன்னால் வைத்தார். “முதல்ல நீங்க சாப்பிடுங்க மாப்ள. அப்புறம் புள்ளைக்குத் தர்றேன்.” எப்படியும் மறுப்பான், அண்டாவையும் கொட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

எல்லா மேசையும் அவனையே பார்த்தது. அவன் பெரிய துண்டாக எடுத்து மென்று, விழுங்கி, விரலையும் சூப்பினான். “பிரமாதம் மாமா.”

இவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று மூக்கருக்கு அருவருப்பாக இருந்தது.

“எனக்கு வைக்காமத் தின்னுடாதீங்க,” என்று சிரித்தபடி மகள் தட்டில் கை வைத்தாள். அவன் கை தானாகப் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டது. கறி தரையில் விழுந்தது.

“தொடாத. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இதைப் போய்...”

நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் முதல் மேசைக்காரர் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டார். பக்கத்தில் ஒரு தாய், தன் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள்.

மகள் புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த துண்டைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“உங்க மூக்குக்குத் தெரியாமலாப்பா இருந்துச்சு?”

மூக்கர் கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.