மூன்று வருடப் படிப்பு, ஒன்பது வருடம்

1. நாலு ப்ராஸ்பெக்டஸ்

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லின் பர்சனல் டிபார்ட்மென்டில் கிளார்க்காகச் சேர்ந்து முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். என் கணவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். எண்பதுகளின் பிற்பாதியில், எனக்கு முப்பத்தோரு வயதாக இருந்தபோது, ஒரு காலையில் மில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"எஸ்தரம்மா, இனிமே அசிஸ்டென்ட் மேனேஜர், ஆபீஸர் போஸ்ட்டுக்கெல்லாம் மேனேஜ்மென்ட் டிகிரி இல்லாம ஆள் எடுக்கப் போறதில்ல. சூப்பர்வைசர்மாரு மூணு பேரு படிக்கேன்னு சொல்லுதாங்க. வேலைய விடாம, கட்டுபடியாகிற பீஸ்ல படிக்கிற மாதிரி எது எது இருக்குன்னு விசாரிச்சு ஒரு பேப்பர்ல டைப் பண்ணிக் கொண்டாங்க. பாதி பீஸ மில்லு குடுக்கும்."

ஒரு மாதம் கடிதம் எழுதி நாலு ப்ராஸ்பெக்டஸ் வரவழைத்தேன். ஒன்று மதுரையில் மாலைக் கல்லூரி. வாரம் மூன்று நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஐந்தரைக்கு மில் விட்டு இறங்குகிறவர்களுக்கு ஆகாது. இரண்டாவது, வடக்கே ஏதோ ஊரிலிருந்து பத்திரிகையில் விளம்பரம் போடும் ஒரு நிறுவனம். பீஸ் மிகக் குறைவு, ஆறு மாதத்தில் டிகிரி. உங்கள் டிகிரிக்கு அரசு அங்கீகாரம் உண்டா என்று எழுதிக் கேட்டேன். எங்கள் மாணவர்கள் உயர்ந்த பதவிகளில் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. திரும்பவும் எழுதினேன். அதே பதில், வேறு தாளில் வந்தது.

மூன்றாவது மூன்று வருடப் படிப்பு. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் வகுப்பு, கட்டாயம் போக வேண்டும். நாலாவது முழுக்கத் தபாலில். வகுப்புக்குப் போனாலும் போகலாம், போகாவிட்டாலும் பாதகமில்லை. முடிந்தபோது முடிந்த பேப்பருக்குப் பணம் கட்டி எழுதலாம். எட்டு வருடத்துக்குள் முடித்தால் போதும்.

பீஸ், வகுப்பு, பரீட்சை, அங்கீகாரம் என்று கட்டம் போட்டு டைப் செய்து கொடுத்தேன். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பையே எடுத்தார்கள். நான் கூடவே நின்று, "சார், நானும் பி.ஏ. முடிச்சிருக்கேன். நானும் சேரலாமா?" என்று கேட்டேன்.

மேனேஜர் கோபப்படவில்லை. ஆச்சரியம்தான் பட்டார். "நீங்க படிச்சு என்னம்மா செய்யப் போறீய? சேருங்க, வேண்டாங்கல. ஆனா மில்லுப் பணம் ப்ரொடக்‌ஷன் ஆளுகளுக்குத்தான்."

வீட்டில் சொன்னேன். "பீஸு எம்புட்டு?" என்றார் என் கணவர். சொன்னேன். "சரி, ரெண்டு தவணையா கட்டிருவோம்" என்றார்.

2. சீட்டுப் பிடித்து வைத்தது

முதல் மூன்று மாதத்துக்குள் இரண்டு சூப்பர்வைசர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு நைட் ஷிப்ட் முடித்து அப்படியே பஸ் ஏற உடம்பு தாங்கவில்லை. இன்னொருவர் திருப்பூருக்கு வேலை மாறிப் போனார். மிச்சம் இருந்தது நானும் சுந்தரமும். சுந்தரம் நூல் நூற்கும் ரிங் பிரேம் டிபார்ட்மென்டில் சூப்பர்வைசர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

மதுரை பஸ் ராஜபாளையத்தைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்போதே நிறைந்திருக்கும். இரண்டே கால் மணி நேரம் நின்றுகொண்டு போய், பிறகு நாள் முழுக்க உட்கார்ந்து பாடம் கேட்பது கஷ்டம். சுந்தரம் ராஜபாளையத்தில் ஏறுகிறவர். முன்பக்கம் பெண்கள் உட்காரும் இடத்தில் ஒரு சீட்டில் தன் பையை வைத்து எனக்காகப் பிடித்து வருவார். நான் ஏறியதும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விடுவார். பேச்சு அநேகமாக இருக்காது. ஆளுக்கொரு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, திருமங்கலம் வருவதற்குள் தூங்கிவிடுவோம்.

ஒரே ஒரு நாள், ஆவணி முகூர்த்தம், கல்யாணக் கூட்டம் பஸ்ஸில் அப்பிக்கொண்டிருந்தது. முன்பக்கம் அவரால் இடம் பிடிக்க முடியவில்லை. தன் பக்கத்தில் ஒரு இடம் வைத்திருந்தார். உட்கார்ந்தேன். கால் வலித்தது, உட்கார்ந்தேன். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்கள் சபைச் செயலர் என் கணவரை நிறுத்தினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"மாஸ்டர், ஒங்க வீட்ல மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம கோவிலுக்கு வரலியே."

"மதுரைல வகுப்பு இருக்கு. படிக்கா."

"படிக்கட்டும், நல்லதுதான். பஸ்ஸுல யாரோ ஒருத்தரு கூட உக்காந்து போறதா நம்ம ஆளுக பாத்துட்டு வந்து சொல்லுதாக. நான் தப்பாச் சொல்லல. நாலு பேரு பேசுதத ஒங்க காதுல போடணும்ல."

என் கணவர், "அவ மில்லுல வேல பாக்குறவரு" என்று மட்டும் சொன்னார். வீடு வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். ஏறி மிதிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மறுநாள் பள்ளிக்கூடத்துக்காகத் தன் கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அவரு எந்த சீட்டுல உக்காருவாரு?"

"எனக்கு ரெண்டு மூணு வரிசை பின்னால."

"எப்பவுமா?"

"முகூர்த்த நாளன்னைக்கு ஒரு நாள் பக்கத்துல."

"சரி" என்றார். அடுத்த ஷூவை எடுத்தார்.

அவர் என்னைச் சந்தேகப்பட்டார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த பஸ்ஸில் ஏற என்னால் முடியவில்லை. அடுத்த வகுப்பு ஞாயிறு கோவிலுக்குப் போனேன். அதற்கடுத்த வகுப்புக்கும் போகவில்லை. வருகை குறைந்து, அந்த வருடம் பரீட்சை எழுத விடவில்லை. கட்டிய பீஸ் போனது.

3. போகாவிட்டாலும் பாதகமில்லாத வகுப்பு

பிறகு நாலாவது ப்ராஸ்பெக்டஸை எடுத்தேன். என்னைப் போன்றவளுக்கென்றே செய்த படிப்பு என்று அப்போது தோன்றியது. யார் பக்கத்திலும் உட்கார வேண்டியதில்லை.

முதல் தடவை நாலு பேப்பருக்குப் பணம் கட்டி, இரண்டு எழுதினேன். மகன் பிறந்த வருடம் ஒன்றும் எழுதவில்லை. மாமியார் கால் ஒடிந்து படுத்த வருடம் ஒன்று. மில்லில் போனஸ் தகராறு வந்து தினமும் பேச்சுவார்த்தை நடந்த சமயம், மேனேஜர் பரீட்சைக்கு முந்தைய நாள் சொன்னார்: "இந்தத் தடவ விட்டுட்டு அடுத்த தடவ எழுதிக்கிட்டாப் போச்சு. ஒங்க கோர்ஸ்லதான் அந்த வசதி இருக்குல்லா." அவர் சொன்னது சரிதான். அந்த வசதி இருந்தது. கொழுந்தனார் கல்யாணத்துக்கும் அந்த வசதி பயன்பட்டது.

சுந்தரம் மூன்றே வருடத்தில் முடித்து எங்கள் டிபார்ட்மென்டுக்கே பர்சனல் ஆபீஸராக வந்தார். வந்த அன்றிலிருந்து அக்கா போய் மேடம் ஆயிற்று. நானும் சார் என்றேன். அவர் நல்ல மனிதர். தன் வகுப்பு நோட்டு முழுவதையும் எனக்குக் கொடுக்க நினைத்தார். ஆனால் ஆபீஸில் வைத்து என் கையில் கொடுக்கவில்லை. என் கணவருக்குச் சொல்லியனுப்பினார். இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போய், அவர் வீட்டில் காபி குடித்துவிட்டு, சாக்கில் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்தார்.

"தங்கமான மனுசன்" என்றார் வந்து. நான் சாக்கை அவிழ்த்தேன்.

பரீட்சைக்கு மதுரை போகும்போதெல்லாம் இவர் கூடவே வந்தார். மூன்று மணி நேரம் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நான் வெளியே வந்ததும் "எப்படி?" என்று கேட்பார். "பரவால்ல" என்பேன். அப்படி எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எட்டாவது வருடக் கடைசியில் கடைசி பேப்பர் பாஸானேன்.

4. உத்தரவு

ரிசல்ட்டைக் காட்டியபோது சுந்தரம் எழுந்து நின்று வாழ்த்தினார். "மேல பேசிப் பாக்கேன் மேடம்" என்றார். பேசினார். டைப்பிங்கும் அரசாங்கத்துக்கு அனுப்புகிற லேபர் ரிட்டர்னும் இவங்களை விட்டால் யார் பார்ப்பது என்று மேலே கேட்டார்களாம். என் பதவியின் பெயருக்கு முன்னால் சீனியர் என்று ஒரு வார்த்தை சேர்ந்தது.

அடுத்த வருடம் சுந்தரம் கோயம்புத்தூருக்குப் போனார். அவர் வேலையை நான் பார்த்தேன். இன்சார்ஜ் என்று பெயர். அவர் உட்கார்ந்த அறையில் என்னை உட்காரச் சொல்லவில்லை. இரண்டு வருடம் வெளியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு இன்டர்வியூ நடத்தினார்கள். இன்டர்வியூவுக்கு வந்தவர்களுக்கு நான்தான் பஸ் செலவுக்கு வவுச்சர் போட்டுக் கொடுத்தேன். யாரும் நிலைக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, "நீங்களே பாத்துக்கிடுங்கம்மா" என்றார். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று. பர்சனல் ஆபீஸராக என்னை நியமிக்கும் உத்தரவை டைப் அடிக்க வேறு ஆள் இல்லை. நானே அடித்து, கையெழுத்துக்கு வைத்து, ஒரு காப்பியை என் பைலில் போட்டுவிட்டு, மத்தியானத்துப் பாக்கி வேலையைப் பார்த்தேன். சந்தோஷம் இருந்தது. அதைவிட அசதி அதிகம் இருந்தது.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க எந்தக் கோர்ஸ் நல்லது என்று பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பீஸைத் தவணையில் கட்டலாமா என்று கேளுங்கள் என்பேன். அதெல்லாம் எழுதிக் கேட்டால் தெரிந்துவிடும். அவர்களிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிற படிப்பை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்ல வீட்டுக்கும் ஆபீஸுக்கும் உரிமை வந்துவிடுகிறது. கட்டாயமாக ஆஜராக வேண்டும் என்று ஒரு கிழமையும் ஒரு நேரமும் இருந்தால், அதைக் காட்டி ஒரு பெண் போய்விட்டு வர முடியும். எனக்கு அப்படி ஒரு கிழமை இருந்தது. அதை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. நான் போவேன் என்று என் கணவரிடம் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். சொல்லாமல் விட்டதற்கு ஆறு வருடம் கூடுதலாகப் பிடித்தது.