அத்தான் உட்கார்ந்த கதை

என் அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்து நான் பார்த்தது ரொம்பக் குறைவு. கல்யாண மண்டபத்துக்குப் போனால் வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போடுவது அவர்தான். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் சுவரோரமாக நின்றுகொண்டு, யாருக்காவது இடம் வேண்டுமா என்று கண்ணாலேயே துழாவிக்கொண்டிருப்பார். வீட்டில் டீ குடிப்பதும் நின்றபடிதான். "உக்காந்து குடிங்களேன் அத்தான்" என்றால், "இருக்கட்டும் சின்னவளே, கூட்டம் இறங்கட்டும்" என்பார். வீட்டில் ஏது கூட்டம்? முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக இருந்த மனுஷர். கால் அப்படிப் பழகிவிட்டது.

நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக அவரைக் கொஞ்சம் திட்டப்போகிறேன்.

அவர் பஸ்ஸில் யாரும் பயமில்லாமல் தூங்கலாம். வேலை விட்டு வரும் பெண்கள் ஏறி உட்கார்ந்ததுமே ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துவிடுவார்கள். யார் எங்கே இறங்க வேண்டும் என்பது அத்தானுக்கு மனப்பாடம். "தூங்குறவங்களை அநாவசியமாத் தொடக்கூடாது. அவங்க இறங்குற இடம் வந்தா விடவும் கூடாது" என்பார். கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்றதும் பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வருவார். குடையோ, சாப்பாட்டு டப்பாவோ, தூங்கிப்போன ஆளோ, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அதைச் சொன்னால்தான் எனக்கு ஏன் கோபம் என்பது புரியும்.

பஸ் நிரம்பியிருக்கும்போது ஒரு வயசானவரோ, கைக்குழந்தைக்காரியோ ஏறினால் கண்டக்டர்தான் யாரையாவது எழச் சொல்லி இடம் வாங்கித் தர வேண்டும். சொன்னால் சும்மா எழுவார்களா? "நானும் டிக்கெட் வாங்கித்தானே உக்காந்திருக்கேன்" என்று ஆரம்பித்து அடுத்த ஸ்டாப் வரைக்கும் வாய்ச்சண்டைதான். அக்கா பஸ்ஸில் இருக்கிற நாட்களில் மட்டும் அந்தச் சண்டை கிடையாது. அத்தான் கூட்டத்தில் நீந்தி வருவார். "ஏம்மா, எந்திரிம்மா, அந்தப் பெரியவருக்கு இடம் குடு." அக்கா எழுந்துவிடுவாள்.

ஊரில் எல்லாப் பெண்களையும் கூப்பிடுவது போல அவளையும் 'ஏம்மா' என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மா அவருடைய சம்சாரம் என்று பஸ்ஸில் ஒருத்தருக்கும் தெரியாது. "டூட்டியில சொந்தம் பாக்கக்கூடாது" என்பது அவர் கொள்கை. அக்கா நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போகும்போது, ஒரு கைத்தடிக்காரருக்காக அவளை எழுப்பினார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். கைத்தடிக்காரர் சாவகாசமாக உட்கார்ந்து, அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிப் போனார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு வீட்டில் கேட்டே விட்டேன். "அவ எந்திரிச்சா சண்டை வராதுல்ல" என்றார். அக்கா சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வருஷங்கள் ஓடின. அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அன்றைக்கு வயிற்றில் இருந்தவள் வளர்ந்து, நர்ஸ் வேலைக்குக் கடல் தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போனாள். புது வீடு பிடித்திருக்கிறேன், மூணு பேரும் வாருங்கள் என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். "ஒரு சினிமா பாத்து முடிக்கிற நேரம்தான் சித்தி" என்றாள். ஏற்கெனவே ஒரு தடவை விமானத்தில் போனவள் நான் மட்டும்தான், அதனால் என்னை வழிகாட்டி ஆக்கிவிட்டார்கள்.

அங்கே வந்து என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவள் போனில் கேட்டபோது அக்கா சொன்னது என் காதில் விழுந்தது.

"எனக்கு ஒன்னும் பாக்க வேணாம்டி. போற வழி பூரா உங்கப்பா எம்பக்கத்துல உக்காந்து வரணும். அது போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். டூட்டி இல்லாத நாளில் பஸ் ஏறினாலும் அத்தான் படிக்கட்டுப் பக்கம் போய், அந்த வண்டிக் கண்டக்டரோடு பேசிக்கொண்டு நின்றுவிடுவார். மகள் கல்யாணத்துக்கு வேனில் போனபோது முன்னால் நின்று டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இரண்டு பேரும் ஒரு வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எங்கேயும் போனதில்லை.  மகள் சீட் எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அம்மாவுக்கு ஜன்னல், அப்பாவுக்கு நடு, எனக்கு அவர்களுக்கு நேர் பின்னால்.

விமானத்துக்குள் நுழைந்ததும் நடைபாதை அடைத்துக்கொண்டது. முன்னால் ஒருவர் தன் பெட்டியை மேலே திணிக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அத்தானுக்குப் பொறுக்குமா? "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல இடம் இருக்கு பாருங்க!" என்று குரல் கொடுத்தார். என்ன மாயமோ, வரிசை நகர்ந்தது. வாசலில் நின்ற பணிப்பெண் சிரித்துவிட்டாள். "டவுன் பஸ்ஸை விட நெருக்கம் சின்னவளே" என்று திரும்பி என்னிடம் சொன்னார். அதில் ஒரு மரியாதை தெரிந்தது. "இருந்தாலும் நல்ல கண்டக்டர் இருந்தா இன்னும் பத்துப் பேரை ஏத்தலாம்."

அவர் ஊரார் பெட்டிகளை எல்லாம் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, அக்கா போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்து நடுச் சீட்டின் மேல் விரித்துப் போட்டாள். கூட்ட பஸ்ஸில் வருகிறவருக்கு இடம் பிடிப்பது போல. "சீட் நம்பர் போட்டிருக்குக்கா, யாரும் வரமாட்டாங்க" என்றேன். "இருக்கட்டும்டி" என்றாள். கடைசியில் அத்தான் வந்து அந்தக் கைக்குட்டையின் மேலேயே உட்கார்ந்தார். முழங்கால் முன் சீட்டில் இடித்தது. அக்கா பெல்ட்டை மாட்டத் தெரியாமல் விழித்தாள், நான் பின்னாலிருந்து எக்கி மாட்டிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புதுப் புடவை வாங்கிக் கொடுத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி இருந்ததில்லை.

அவர்கள் வரிசையில் மூன்றாவது சீட்டில் ஒரு இளம் தாய், மடியில் கைக்குழந்தை. அவளுடைய மூத்த பெண்ணுக்குக் கடைசி வரிசையில் இடம் விழுந்திருந்தது. சின்னக் குழந்தை, "அம்மா, அம்மா" என்று அங்கிருந்து ஒரே அழுகை. பணிப்பெண் அதைக் கையில் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். யாராவது இடம் மாறிக்கொள்ள முடியுமா, வண்டி கிளம்பப்போகிறது என்று பொதுவாகக் கேட்டாள். யாரைக் குறிப்பிட்டும் கேட்கவில்லை. ஆளாளுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள்.

அத்தான் திரும்பி, அந்தப் பழைய குரலில் சொன்னார்: "ஏம்மா, எந்திரிம்மா. குழந்தைக்கு இடம் குடு."

அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். நடுவில் இருந்தவர் அவர். எழுந்து போவதென்றால் அவர் போயிருக்கலாம், அதுதான் சுலபமும்கூட. நாக்கு அப்படிப் பழகியிருந்தது, யோசிக்க நேரம் தரவில்லை.

 நான் மாட்டிவிட்ட பெல்ட்டை அக்கா தடவித் தடவிக் கழற்றினாள். இரண்டு பேரைத் தாண்டி வெளியே வந்து, பணிப்பெண் பின்னாலேயே கடைசி வரிசைக்குப் போனாள். அத்தான் ஜன்னல் சீட்டுக்கு நகர்ந்து குழந்தையை நடுவில் உட்கார வைத்தார். அதற்கப்புறம்தான், குழந்தைக்கு அடியில் கசங்கிக் கிடந்த கைக்குட்டையைப் பார்த்தார். உருவி எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு சீட்டுக்கு நடுவே இருந்த இடுக்கு வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"சின்னவளே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்?"

"வழக்கமாப் பண்ற காரியம்தான் அத்தான்."

சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் ரொம்ப வருஷமாக வாயில் வைத்திருந்தது, வந்துவிட்டது.

எழுந்திருக்கப் பார்த்தார். விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது, பெல்ட் போட்டு உட்காரச் சொல்லி உத்தரவு. நிற்கிறதுக்கென்றே பிறந்த மனுஷர், எழ வேண்டிய நேரத்தில் கட்டிப்போட்டது போல் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வீடெல்லாம் சின்னதாகி, மேகம் வந்து, அதற்கு மேல் நல்ல வெயிலும் வந்தது. அவர் ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை.

பெல்ட் விளக்கு அணைந்ததுதான் தாமதம், கைக்குட்டையும் கையுமாகப் பின்னால் போனார். கழிப்பறையும் அந்தப் பக்கம்தான் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. நானும் போய் வரிசையில் நின்றுகொண்டேன்.

கடைசி வரிசையில் ஜன்னலே இல்லை, வெறும் சுவர். சுவரோரம் ஒரு கல்லூரிப் பெண், காதில் பாட்டு. நடுவில் அக்கா. நடைபாதையோரம் ஒரு வாலிபர், வேலைக்குத் திரும்பிப் போகிறவர் போல, வாய் திறந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அத்தான் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு அக்கா முன்னால் நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

"பரவால்லங்க. குழந்தை அழுதுச்சுல்ல."

"நான் இங்கயே நின்னுக்கிட்டு வர்றேன்."

"நிக்கவா வந்தோம்?"

பணிப்பெண் வந்து, இங்கே நிற்கக்கூடாது ஐயா, உங்கள் இடத்துக்குப் போங்கள் என்றாள். அவர் தலையாட்டினார், நகரவில்லை. தூங்குகிற வாலிபரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவரைக் கேளுங்களேன், மாறி உக்காருவார்" என்றேன். "தூங்குறாரே" என்றார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ஒரு பஸ்ஸையே ஆட்டி வைக்கிற தொண்டை இருக்கிறதே அவருக்கு, அது எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்போது அக்கா சொன்னாள். சத்தமே இல்லாமல், கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் நிறைந்திருந்தது.

"ஊர்ல எல்லாருக்காகவும் என்னை எந்திரிக்கச் சொன்னீங்க. நானும் எந்திரிச்சேன். எனக்காக ஒரே ஒருத்தரை எந்திரிக்கச் சொல்லுங்க பாப்போம்."

இந்தச் சொல் இத்தனை வருஷமும் அவளுக்குள்ளே இருந்திருக்கிறது. நான் ஒருத்திதான் கோபப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் குனிந்து வாலிபரின் தோளைத் தொட்டார். அவர் திடுக்கிட்டு விழித்து, "வந்துடுச்சா? இறங்கணுமா?" என்றார்.

"இல்ல தம்பி. தூக்கத்தைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க." அத்தான் அக்காவைக் கையால் காட்டினார். "இவங்க... இவங்க என் சம்சாரம். நான் இவங்க பக்கத்துல உக்காரணும். முன்னால ஜன்னலோரம் என் சீட் இருக்கு. கொஞ்சம் எந்திரிச்சு இடம் குடுப்பீங்களா?"

வாலிபர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்துவிட்டார். "ஜன்னல் சீட்டா? இதைக் கேக்கவா இவ்வளவு தயங்குனீங்க?" என்றபடி முன்னால் நடந்தார்.

அத்தான் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார், எடுத்துக் கைப்பிடியில் வைத்தார். அக்காவே அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "இங்கேர்ந்து ஒன்னுமே தெரியலையே உனக்கு" என்றார் அவர். "எனக்கு எல்லாம் தெரியுது" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கே கூச்சமாக இருந்தது. திரும்பி என் இடத்துக்கு வந்துவிட்டேன். எனக்கு முன் சீட்டில் வாலிபர் மறுபடியும் வாய் திறந்து தூங்கிப்போயிருந்தார். சின்னக் குழந்தை அவர் மேல் சாய்ந்துகொண்டு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விமானம் தரையைத் தொட்டதோ இல்லையோ, எல்லாரும் எழுந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். நான் ஓரமாக ஒதுங்கி, கூட்டம் போகட்டும் என்று காத்திருந்தேன். எல்லாரும் இறங்கிப் போனார்கள், என் ஆட்கள் இரண்டு பேரை மட்டும் காணோம். பின்னால் போய்ப் பார்த்தேன்.

காலியான வரிசைகளுக்குக் கடைசியில் அத்தான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம், விடியும் முன்னாலேயே எழுந்து எங்கள் எல்லாருடைய பெட்டியையும் கட்டியவள் அவள்தான். அவள் கன்னத்துக்குக் கீழே கைக்குட்டையை மடித்து வைத்திருந்தார். பணிப்பெண் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்து அவர்கள் பக்கத்தில் நின்றாள்.

"இறங்க வேண்டிய இடம் வந்துடுச்சு அத்தான்" என்றேன் மெதுவாக. "எழுப்புங்க."

அவர் உதட்டில் விரலை வைத்தார். பணிப்பெண்ணையும் பார்த்துக் கெஞ்சுகிற மாதிரி ஒரு விரலைக் காட்டினார், ஒரே ஒரு நிமிஷம் என்று.

"எத்தனையோ தடவை இவளை எந்திரின்னு சொல்லிட்டேன் சின்னவளே" என்றார். "இந்தத் தடவை அவளா எந்திரிக்கட்டும்."