முப்பத்தேழு வீட்டுக்கு ஒரு நம்பர்

குப்புசாமியை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். ஆனாலும் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். ஊரில் அவருக்கு இருந்த நல்ல பெயரைக் கெடுத்தது நான்.

மலைமேல் எடப்புளி நாடு என்கிற ஊர்த்தொகுதியில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மைல் உள்ளே தள்ளியிருக்கும் சின்ன ஊர் அவருடையது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இளவயதில் ராசிபுரத்து லாரிகளில் கிளீனராக ஓடியவர். அந்தப் பழக்கத்தில் நாலு எழுத்துப் படிக்கவும், முன்பின் தெரியாதவர்களிடம் தயங்காமல் பேசவும் கற்றுக்கொண்டார். பிறகு மலைக்கே திரும்பி, ராமாயியைக் கட்டிக்கொண்டு, ஒரு ஏக்கரில் மிளகும் மரவள்ளியும் போட்டார். அந்த ஊருக்குள் சிக்னல் கிடையாது. வேண்டுமென்றால் அரை மணி நேரம் மேலே ஏறி ஒரு பாறையில் நிற்க வேண்டும். அதனால் போன் வாங்குவதே வீண் என்று பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டார்கள். குப்புசாமியிடம் இருந்தது. தினமும் சாயங்காலம் அவர்தான் ஏறினார், அதுவும் தனக்காக அல்ல.

நான் வேலை பார்க்கும் கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. விவசாயி போனில் பதிந்தால் விளைச்சலை ஏற்றிப்போக வண்டி அனுப்புவோம். போனில் தெரிகிற படமும் பட்டனும் வேறு யாரோ செய்வது. அதற்குப் பின்னால், யாருக்கு வண்டி போகலாம், யாருக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்கிற புரோகிராம்களை எழுதுவது என் வேலை. நான் சேர்ந்தபோது நாற்பது பேர் இருந்தோம். இரண்டே வருடத்தில் நானூறு பேர் ஆனோம். லிஃப்டில் பார்க்கிற முகம் எதுவும் தெரியாது. எல்லாமே வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

எங்கள் ஆள் ஒருவர் மலைக்குப் போய், ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். குப்புசாமி முப்பத்தேழு வீட்டுக்கும் போய்ப் பெயரும் ஆதாரும் வாங்கி, பாறையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாவற்றுக்கும் தன் நம்பரையே கொடுத்தார். வேறு எதைக் கொடுப்பார்? யார் வீட்டு அன்னாசி எந்தக் கிழமை பழுக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அதற்கேற்ப வண்டிக்குச் சொல்லுவார். இதற்காக ஒருவரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

அந்தச் சமயத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் மூன்று நடைக்கு வாடகை இல்லை என்று கம்பெனி அறிவித்திருந்தது. சமவெளியில் சில பேர் இல்லாத விவசாயிகளை உண்டாக்கி ஓசியில் வண்டி ஓட்டினார்கள். எங்கள் குழுத் தலைவன் கார்த்தி என்னிடம் வந்து, "பானு, இதுக்கு ஒரு வழி பண்ணு" என்றான். ஒரே நம்பரில் ஐந்து கணக்குக்கு மேல் இருந்தால் அத்தனையையும் முடக்கு என்று ஒரு விதி எழுதினேன். இரண்டு மணி நேர வேலை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்காமல் எதுவும் வெளியே போகாது. என்னுடையதைப் படித்தவன் அர்ஹான். சேந்தமங்கலத்துக்காரன், அவன் அப்பா மலைப்பழ வியாபாரி. படித்துவிட்டு ஒரு கேள்வி எழுதினான். "மலைப்பக்கம் ஒரு போனைப் பல குடும்பம் வைத்திருக்குமா? உனக்குத்தானே தெரியும்?"

எனக்குத் தெரியும். நான் அதே மலையில் வாசலூர்பட்டியில் பிறந்தவள். நான் பத்தாவது படிக்கும்வரை எங்கள் தெருவுக்கே ஒரு போன்தான். ஆனால் அடிவாரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில், 'உங்க ஊர்ல கரண்ட் இருக்கா, சோப்பு இருக்கா' என்று கேட்டுச் சிரித்தவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அர்ஹான் அப்படிக் கேட்டவன் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். ஆனாலும் அந்தக் கேள்வியை ஆபீசில் எல்லோரும் பார்க்கலாம். என் காது சூடேறியது. "அதெல்லாம் அந்தக் காலம். இப்போது எல்லோரிடமும் போன் இருக்கிறது" என்று எழுதினேன். அவன் சரி போட்டுவிட்டான்.

விதி புதன்கிழமை நடைமுறைக்கு வந்தது. அன்று சாயங்காலம் பாறையில் நின்ற குப்புசாமிக்கு ஒரு மெசேஜ் போனது: "உங்கள் கணக்குகள் போலியானவை எனக் கண்டறியப்பட்டு முடக்கப்பட்டுள்ளன." அந்த வாக்கியமும் நான் எழுதியதுதான். மனுஷன் அதை மறைத்திருக்கலாம். கீழே இறங்கி வந்து, கோயில் மந்தையில் வைத்து, எழுத்துக்கூட்டி எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

வண்டி வரவில்லை. ரோட்டோரம் அறுத்து அடுக்கிய அன்னாசி மூன்று நாள் கிடந்து ஒழுகியது. பாவாயி என்கிற அம்மா அந்த வருடம் முதல்முறையாக அரை ஏக்கர் அன்னாசி போட்டிருந்தார். அத்தனையையும் மாட்டுக்கு வெட்டிப் போட்டார். ஆதாரை எல்லாம் வாங்கி எங்கேயோ விற்றுவிட்டான் என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஊர்க்கூட்டத்தில், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்யாத தப்புக்கு நான் எதற்குச் சத்தியம் பண்ண வேண்டும் என்று குப்புசாமி எழுந்து போய்விட்டார். அதோடு சந்தேகம் உறுதியாகிப் போனது.

இதற்கு நடுவே அவர் எங்கள் உதவி எண்ணுக்குப் பதினோரு முறை கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் 'போலிக் கணக்கு' என்று குறித்து மூடியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் அர்ஹான் அதைக் கண்டுபிடித்து எனக்கு அனுப்பினான். கூட ஒரு வார்த்தை இல்லை. பத்து நிமிடத்தில் விதியைத் திருத்தி, முடங்கிய கணக்குகளைத் திறந்துவிட்டேன்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஏதாவது கெட்டுப்போனால், என்ன நடந்தது என்று அறிக்கை எழுத வேண்டும். யார் பெயரையும் குற்றம் சொல்லி எழுதக் கூடாது. பயமில்லாமல் உண்மை பேச வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட நல்ல வழக்கம்தான். நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன். "ஒரு நம்பரை ஒரு குடும்பம் மட்டுமே பயன்படுத்தும் என்று கருதப்பட்டது." இவ்வளவுதான் எழுதினேன். அருமையான அறிக்கை என்று கார்த்தி பாராட்டினான்.

ஆடி கழிந்து லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஊருக்குப் போனேன். ராமாயி வரக்காப்பி கொடுத்தார். நான் எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று சொன்னதும் குப்புசாமியின் முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. வாசலூர்பட்டிப் புள்ள ஒண்ணு அங்க இருக்குதுன்னு, பதியச் சொல்ல வந்த அந்த ஆபீஸ் தம்பி சொல்லியிருந்தாரு. ராமாயிகிட்டக் கூடச் சொன்னேன், அந்தப் புள்ள நம்ம நெலமய எடுத்துச் சொல்லியிருக்கும், அவிங்கதான் கேட்டிருக்க மாட்டாங்கன்னு."

அவர் திட்டுவார் என்றுதான் தயாராகி வந்திருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

"நான் சொல்லலீங்க," என்றேன். "எங்கிட்டத்தான் கேட்டாங்க. எல்லார்கிட்டயும் போன் இருக்குதுன்னு சொன்னதே நாந்தானுங்க."

அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வெக்கமா இருந்துச்சா, சாமி?"

"ஆமாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? ஊருகிட்டச் சொல்லு."

மந்தையில் முப்பது பேர் போல இருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது, நிறுத்தாமல் சொன்னேன். பாவாயி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. ஊர்க்கவுண்டர் அப்பாசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, புள்ள ஒத்துக்கிச்சு. குப்புசாமி, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. நாளையிலருந்து பழையபடி நீயே வண்டிக்குச் சொல்லிரு."

"இல்லீங்க," என்றார் குப்புசாமி. குரலில் சூடே இல்லை. "இனி அவிங்கவிங்க பாத்துக்கட்டும். ஒரு மாசமா எல்லாரும் என்ற ஊட்டு வாசலத் தாண்டித்தான் காட்டுக்குப் போனீங்க. ஒருத்தராச்சும் உள்ள வந்து, என்னடா ஆச்சுன்னு கேட்டீங்களா?"

ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"உன்மேல எனக்குக் கோவமில்ல கண்ணு. உன்ன இன்னிக்குத்தான் பாக்கறேன். இவிங்கள நான் பொறந்ததுலருந்து பாக்கறேன்."