டெல்டா அளந்த பல்

பெயின்ட் கம்பெனியின் நிற ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இரண்டு நிறங்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தை அங்கே டெல்டா என்ற எண்ணால் சொல்வார்கள். அந்த எண்ணைப் பற்றியே மூச்சுவிடாமல் பேசிப் பேசி அவரும் டெல்டா ஆகிவிட்டார். காலையில் வந்ததும் அளக்கும் கருவியின் கண்ணுக்கு முதலில் ஒரு கறுப்புக் கிண்ணத்தைக் காட்டுவார், பிறகு ஒரு வெள்ளை டைலைக் காட்டுவார். இதுதான் கறுப்பு, இதுதான் வெள்ளை என்று அதற்கு ஞாபகப்படுத்திய பிறகுதான் மற்ற வேலை. அந்த டைலில் யாராவது விரலை வைத்துவிட்டால் போச்சு, அன்று முழுக்க அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். "இந்த நீலம் எனக்கு எடுப்பா இருக்குதாங்க?" என்று மனைவி கேட்டால், "எந்த வெளிச்சத்துல?" என்று திருப்பிக் கேட்பார். இப்படிப்பட்ட ஆளோடு குப்பை கொட்ட என்ன வேண்டுமோ, அது அவளிடம் தாராளமாக இருந்தது. சிரிப்புதான். அடக்கிச் சிரிக்க அவளுக்குத் தெரியாது. அவள் சிரித்தால் மாடி வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து என்ன விஷயம் என்று கேட்பாள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் டெல்டா வேட்டு வைத்தார். எதையும் காற்றுப் புகாமல் மூடுவது ஆய்வகப் பழக்கம். வீட்டுக் கோந்து பாட்டிலையும் அப்படியே இறுக்கி வைத்திருந்தார். கையால் திறக்க முடியாமல் அவள் பல்லால் கடித்தாள். மூடி அசையவில்லை, முன்பல் பாதி போய்விட்டது. அன்றிலிருந்து உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பதையே விட்டுவிட்டாள். அந்த அமைதியில் டெல்டாவுக்குச் சோறு இறங்கவில்லை.

உடைந்த பல்லுக்கு உறை போட்டுவிடலாம் என்றார் பல் டாக்டர் அம்மா. விதவிதமான வெள்ளையில் பொம்மைப் பற்கள் வரிசையாகச் செருகிய பட்டையை எடுத்தார், பக்கத்துப் பல்லோடு வைத்து ஒரு பார்வை பார்த்தார், "இது" என்று ஒன்றைத் தொட்டார்.

டெல்டா ஆடிப்போனார். "கண்ணால பார்த்தா டாக்டர் முடிவு பண்றீங்க?"

"பார்க்கிறவங்களும் கண்ணாலதானே சார் பார்ப்பாங்க?"

"வேண்டாம். கலரை நான் அளந்து கொண்டு வரேன்." மனைவி பக்கம் திரும்பினார். "எது புதுப் பல்லுன்னு ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது. இது என் பொறுப்பு."

விடுமுறை நாளில் மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி அவளை ஆய்வகத்துக்கு அழைத்துப்போனார். கருவியின் கண் மேசை மட்டத்தில் இருந்தது. அவள் முட்டி போட்டு, மோவாயை மேசையில் ஊன்றி, உடைந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லை அந்தத் துளையில் வைத்து அழுத்தினாள். பல்லின் நிறம் ரோஜாப்பூ நிறம் என்று கருவி சொன்னது.

"உதட்டையும் சேர்த்து அளந்துடுச்சு. மேல தூக்கிப் பிடி."

"ங்ஙா..."

"பேசாத! பேசினா ஈரமாயிடும்."

ஈரமான எதையும் அளக்கக் கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. லென்ஸ் துடைக்கும் துணியால் பல்லை ஒற்றினார். பெயின்ட் பூசிய அட்டைகளைக் காயவைக்கும் டிரையரை எடுத்து அவள் வாய்க்குள் குளிர்ந்த காற்றை ஊதினார். சராசரி எடுக்க வேண்டுமாம், அதனால் திரும்பத் திரும்பத் துடைத்தார், ஊதினார், அளந்தார். கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவளும் வாயைத் திறந்தபடியே இருந்தாள். கடைசியில் அந்த நிறத்தில் ஓர் அட்டை தயாரானது.

"இவ்வளவு வெள்ளையா?" என்றார் டாக்டர்.

"மெஷின் பொய் சொல்லாது டாக்டர்."

அட்டையைப் பார்த்தே உறை தயாராகி வந்தது. டாக்டர் நெடுநேரம் அவள் வாயைத் திறக்கவைத்து உறையைப் பொருத்தினார். கண்ணாடியைக் காட்டியபோது எது புதிது என்று அவளுக்கே தெரியவில்லை. டெல்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இப்போதைக்குக் கழட்டுற மாதிரிதான் ஒட்டியிருக்கேன்," என்றார் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சாயங்காலம் ஒரு தடவை பார்த்துக்குங்க."

சாயங்காலம் குளியலறையிலிருந்து கத்தல் கேட்டது. "என்னங்க! இங்க வாங்க!"

போய்ப் பார்த்தார். மற்ற பற்களெல்லாம் தங்கள் பழைய மஞ்சள் சாயலுக்குத் திரும்பியிருந்தன. புதுப் பல் மட்டும் அவருடைய வெள்ளை டைல் மாதிரி பளிச்சென்று நின்றது. அப்போதுதான் உறைத்தது.

"பெயின்டைக் காயவெச்சு அளக்கணும்," என்று மென்று விழுங்கினார். "பல்லு எப்பவும் ஈரத்துலயே இருக்கிற சாமான். காஞ்சா வெளுத்துடும் போல. நான் காயவெச்சு அளந்துட்டேன். டாக்டர்கிட்ட வாயத் தொறந்தே வெச்சிருந்தியா, எல்லாப் பல்லும் காஞ்சு மேட்ச் ஆயிடுச்சு."

"இப்ப நான் எப்படிங்க வெளிய போறது?" அவள் கண் கலங்கியது. கை மறுபடி வாய்க்குப் போனது.

ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வாயத் தொறந்து வெச்சுக்கிட்டா எல்லாம் ஒரே கலராயிடும். வேணும்னா டிரையரை வீட்டுக்கே கொண்டு வந்துடறேன். போற இடத்துக்கெல்லாம் நான் பக்கத்துல நின்னு ஊதறேன்."

அவள் அவரையே பார்த்தாள். அந்தக் காட்சி கண் முன்னால் வந்திருக்க வேண்டும். வாயை மறைத்திருந்த கை இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டது. அவள் சிரித்தாள், குனிந்து, நிமிர்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். மாடியில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. டெல்டாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கிட்டே போய் அவள் வாயை உற்றுப் பார்த்தார்.

"நிறுத்தாத, நிறுத்தாத!" என்றார் பரபரப்பாக. "காய ஆரம்பிச்சிடுச்சு. மேட்ச் ஆகுது!"