பாஷா பாய் வழிக்காமல் விட்டது

1984 ஜூலைக்குள் பதினொரு நாய்கள் செத்திருந்தன. பதினொன்றுக்கும் மாற்று நுரையீரலைத் தயார் செய்து கொடுத்தவர் ஆபித் பாஷா.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் உதவியாளர். அதற்கு முன் பதினான்கு வருடம் ஆம்பூர் டேனரியில் தோலின் உட்புறச் சதையை வழித்தவர். ஓர் இழை மிஞ்சாது, தோலும் கிழியாது. அந்தக் கையை நம்பித்தான் டாக்டர் கிறிஸ்துராஜ் அவரிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

ஒரு நாயின் நுரையீரலை இன்னொன்றுக்கு வைத்துத் தைப்பது டாக்டரின் முயற்சி. நுரையீரல் வேலை செய்தது. ஆனால் மூச்சுக்குழாயைத் தைத்த இடம் ரத்தமில்லாமல் ஆறாம் நாள் கறுத்துப் பிரிந்துவிடும். அங்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் நூலைவிட மெல்லியது. ஒவ்வொரு முறையும் டாக்டர் அதைத் தேடிக் களைத்துப்போனார். பன்னிரண்டாவதும் செத்தால் கூடத்தை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

மறுநாள் நடக்கவிருந்த ஒத்திகைக்காக பாஷா ஒரு நுரையீரலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பாதி முடிந்திருந்தது. நர்ஸ் ஜெபகனி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாய், ஷூ தைக்கப் போறீங்களா? இப்டி பளபளன்னு வழிச்சி வெச்சிருக்கீங்க."

பாஷா சிரிக்கவில்லை. கை நின்றுவிட்டது. டாக்டர் தேடும் குழாயையும் சேர்த்து வழித்துவிட்டோமோ என்று தோன்றியது. டாக்டரின் மேசையிலிருந்த நீல மையை எடுத்துவந்து தண்ணீரில் கலந்து, நுரையீரலோடு ஒட்டியிருந்த பெரிய ரத்தக்குழாய்க்குள் ஊசியால் ஏற்றினார். வழித்த பக்கம் வெளுப்பாகவே இருந்தது. வழிக்காத பக்கத்தில், கொழுப்புக்கு நடுவே நீலக்கோடு ஒன்று மூச்சுக்குழாய் வரை ஓடியது.

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் தட்டோடு டாக்டரிடம் போனார்.

"சார், நாய்ங்கள நான்தான் கொன்னுட்டேன்."

"இன்னா பாய் சொல்றீங்க?"

"நீங்க தேடுற குழாய் இந்தக் கொழுப்புலதான் ஓடுது. நான் அழுக்குன்னு வழிச்சிப் போட்டுட்டேன். பதினோரு வாட்டி."

டாக்டர் நீலக்கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "சுத்தமா வேணும்னு கேட்டது நான்தானே பாய்."

பன்னிரண்டாவதற்கு பாஷா கொழுப்பைத் தொடவில்லை. பழக்கத்தில் கை இரண்டு முறை நீண்டது, இழுத்துக்கொண்டார். நூல் குழாய் கிளம்பும் இடத்தை, பெரிய குழாயின் நகமளவு துண்டோடு சேர்த்து வெட்டித் தந்தார். டாக்டர் அந்தத் துண்டை நாயின் ரத்தக்குழாயோடு தைத்து, ரத்தத்தை அடைத்திருந்த கிடுக்கியை விடுவித்தார். மூச்சுக்குழாயின் ஓரத்தில் சிவப்பாக ஒரு சொட்டு கசிந்தது; ரத்தம் அதுவரை வந்துவிட்டது.

"அழுக்காத்தான் இருக்கு பாய்," என்றாள் ஜெபகனி.

"இருக்கட்டும் சிஸ்டர்."

ஏழாம் நாள் காலை அந்த நாய் எழுந்து நின்று பால் குடித்தது. கூடம் மூடப்படவில்லை. அடுத்த வாரம் பதிமூன்றாவது நாய்க்கான நுரையீரலையும் பாஷாவே தயார் செய்தார்.